மூன்றாவது புத்தகம்

பிரசங்கியாரப் பாக்கவா வந்தீங்க? அவரு இல்லம்மா. கண்ணக் காட்டணும்னு காலையிலேயே தென்காசிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. வர நாலு மணி ஆகும். நீங்க இப்படி உக்காருங்க. அதுல வேண்டாம், அது ஆடும். இதுல உக்காருங்க. ஆமா, எல்லாம் ஜெபவீட்டு நாற்காலிதான். எங்க ஆளுங்க எந்தக் கடையிலயும் சண்ட போட மாட்டாங்கன்னு ஊருக்கே தெரியும். அதான் கடக்காரன் கால் ஒடிஞ்சதாப் பாத்துத் தள்ளிவிட்டுட்டான்.

எந்தப் பத்திரிகைக்கு எழுதுதீங்க? சரி, சரி. அம்பத்திமூணு வருசம் ஒரு பைசா சம்பளம் வாங்காம ஊழியம் செஞ்ச வேதமுத்துப் பிரசங்கியாருன்னு எழுதப் போறீங்க. எழுதுங்க. நான் வேண்டாங்கல. ஆனா அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு வரியும் எழுதிக்கிடுங்க. அந்த அம்பத்திமூணு வருசமும் ஞானசிகாமணி வாத்தியாருக்கு வர வேண்டியதுன்னு எழுதுங்க. ஞானசிகாமணி நான்தான். இங்க மிஷன் பள்ளிக்கூடத்துல முப்பத்தெட்டு வருசம் தமிழ் சொல்லிக் குடுத்தேன்.

போன்ல பதிவு ஆகுதா? ஆகட்டும். எங்க சபையில சத்தியம் பண்ணக் கூடாது. கோர்ட்டுல கொண்டு நிறுத்துனாலும் வேதத்து மேல கை வைக்க மாட்டோம். பேசுத பேச்செல்லாம் சத்தியமாத்தான் இருக்கணும், தனியா ஒரு சத்தியம் எதுக்கும்பாங்க. அதனால நான் சொல்லுததுல பொய் இருக்காது. எண்பத்தாறு வயசுல பொய் சொல்லி நான் என்னத்தக் கட்டிக்கிட்டுப் போகப் போறேன்?

எங்களுக்கு மென்னோனைட்டுன்னு பேரு. சுத்துப்பட்டியில ஒருத்தன் வாயிலயும் அது நொழையாது. 'கால்கழுவி'ம்பான். பஸ் கண்டக்டரே 'கால்கழுவியெல்லாம் எறங்கு'ம்பான். சபையாக் கூடி அப்பம் பிட்டுத் திங்கிற ராப்போசனத்துக்கு முந்தி ஒருத்தர் கால ஒருத்தர் கழுவி விடுவோம், அதான். எங்க தாத்தா காலத்துல பென்னர்னு ஒரு துரை வந்து இந்தச் சபைய வச்சாரு. பட்டாளத்துக்குப் போகாத, ஆயுதம் தொடாத, எவன் மேலயும் கேஸ் போடாதன்னாரு. தாடி வச்சுக்கோ, மீச வைக்காதன்னாரு. மீச வைக்கிறது பட்டாளத்தான் பழக்கமாம். அவரு தேசத்துல அது சரி. நம்ம பக்கத்துல மீச இல்லாம தாடி மட்டும் வச்சுக்கிட்டு சந்தைக்குப் போனா என்ன ஆகும்? 'வாங்க பாய், எப்ப வந்தீங்க பாய்'ம்பான். நாப்பது வருசமா நான் அதுக்கு மறுமொழி சொல்லிக்கிட்டு இருக்கேன்.

அது கிடக்கு. சீட்டுக் கதைக்கு வாரேன்.

எங்களுக்குள்ள ஊழியத்துக்குன்னு படிச்சுப் பட்டம் வாங்குற வழக்கம் கிடையாது. ஒரு பிரசங்கியார் கண்ண மூடிட்டா சீட்டுப் போட்டுத்தான் அடுத்தவர எடுப்போம். முதல்ல மூப்பர் உள் அறையில உக்காந்துருப்பாரு. ஆணும் பொண்ணும் ஒவ்வொருத்தராப் போயி அவரு காதுல ஒரு பேரச் சொல்லணும். மூணு பேரு ஒரே பேரச் சொன்னா அந்த ஆளு சீட்டுல நிப்பான். எத்தன ஆளோ அத்தன பாட்டுப் புத்தகம். எல்லாம் ஒரே மாதிரிப் புத்தகம். ஒண்ணுக்குள்ள மட்டும் வசனம் எழுதின துண்டுச்சீட்டு இருக்கும். எல்லாத்தையும் நூல் போட்டுக் கட்டி, கலைச்சு, மேசையில வரிசையா வைப்பாங்க. வயசு வரிசப்படி ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். எவன் புத்தகத்துல சீட்டு இருக்கோ அவன் சாகுத வரைக்கும் பிரசங்கியாரு. முடியாதுன்னு சொல்ல முடியாது. பகல்ல சொந்தக் காட்ட உழுதுக்கணும், ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்ணணும், கல்யாணம், சாவு, சபைச் சண்டை எல்லாத்துக்கும் அவன்தான் நிக்கணும்.

இதுல முக்கியமான விசயம் ஒண்ணு இருக்கு. கேளுங்க. வேணும்னு எவனும் காட்டிக்கிடக் கூடாது. பேரு வந்த அன்னைக்கே பொண்டாட்டி அழ ஆரம்பிக்கணும். ஆம்பளையோட மொகம் எழவு வீட்டுக்குப் போற மொகமா இருக்கணும். அவன் ஆசைப்படுதான்னு லேசாத் தெரிஞ்சாலும் ஆளு தீந்தான். பெருமைக்காரன்னு பேரு விழுந்துரும்.

நான் ஆசைப்பட்டேன். இப்பச் சொல்லுததுக்கு என்ன? சின்ன வயசுலருந்து ஆசைப்பட்டேன். அந்த மேடையில நின்னு கணீர்னு நாலு வார்த்தை பேசணும்னு எனக்குள்ள தீயா இருந்துச்சு. ஒரு மனுசருக்கும் தெரியாது. எம் பொண்டாட்டி தொற்காளுக்கு மட்டும் தெரியும். எழவு மொகத்தக்கூட நான் கண்ணாடி முன்னால நின்னு பழகி வச்சிருந்தேன். பாத்தவங்க எல்லாரும் 'பாவம் வாத்தியாரு, இப்பவே சாப்பாடு எறங்கல'ன்னாங்க.

அறுபத்தெட்டாம் வருசம் மாசி மாசம் சீட்டு. அஞ்சு பேரு நின்னோம். ரெண்டு பேரு எங்களுக்கு மூத்தவங்க, ஒருத்தன் இளையவன். நடுவுல நானும் வேதமுத்தும். ரெண்டு பேரும் ஒரே வாரத்துல பெறந்தவங்க. நான் செவ்வாக்கிழமை, அவன் வெள்ளிக்கிழமை. ஞானஸ்நானப் பதிவுல இருக்கு, வேணும்னா பாத்துக்கிடுங்க. மூணு நாள் நான் மூத்தவன்.

வேதமுத்து யாரு? நெலக்கடலை வெவசாயி. மாட்டுக்குக் கன்னு கோணிக்கிட்டா கைய விட்டுத் திருப்பி எடுக்கத் தெரியும். அதுல மட்டும் கெட்டிக்காரன், இல்லன்னு சொல்ல மாட்டேன். வாயத் தொறந்தா ஒரு வாக்கியம் முழுசா வெளிய வராது. அவன் பேர மூணு பேரு எதுக்குச் சொன்னாங்கன்னே எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. அவங்க வீட்டு மாடு நல்லபடியாக் கன்னு போட்டுருக்கும்.

மேசையில அஞ்சு புத்தகம். அப்ப மூப்பரா இருந்தவரு அதிசயநாதன். மகா கஞ்சன். ஒரு வெள்ளத்தாளக் கிழிச்சு எழுதக் கூடாதா? எவனோ குடுத்த கல்யாணப் பத்திரிகைய வெட்டி, அது முதுகுல வசனத்த எழுதி உள்ள வச்சிருக்காரு. நல்ல கெட்டி அட்டை. அதனால வரிசையில மூணாவது புத்தகம் ஒரு நூல் அளவுக்கு வாயப் பொளந்துக்கிட்டு இருக்கு. வேற ஆளுக்குத் தெரியாது. நான் வாத்தியாரு. புத்தகத்துக்குள்ள பிள்ளைங்க எத ஒளிச்சு வச்சாலும் பத்தடி தூரத்துலயே கண்டுபிடிக்கிற கண்ணு. அன்னைக்கும் கண்டுபிடிச்சிருச்சு.

அது தப்பான்னு கேப்பீங்க. கண்ணக் குடுத்தவரு யாரு? கர்த்தருதானே? அவரு எனக்குக் காட்டணும்னுதான் காட்டினாரு.

மூத்தவரு போயி முதல் புத்தகத்த எடுத்தாரு. அடுத்தவரு கடைசிப் புத்தகத்த எடுத்தாரு. மூணாவது அப்படியே இருக்கு. மூப்பரு 'ஞானசிகாமணி'ன்னு கூப்பிடுதாரு. எழுந்தேன். மேசைக்குப் போனேன். சபை முழுக்க என்னையே பாக்கு. அந்த நேரத்துல நான் பட்டுனு கைய நீட்டி எடுத்தா என்ன தோணும்? அள்ளிக்கிட்டுப் போகத் துடிக்கான்னு தோணும்லா? அதனால ஒரு எட்டு பின்னால நகந்தேன். 'வேதமுத்து, நீ முந்தி எடு'ன்னு சொல்லி ரெண்டு கையாலயும் மேசையக் காட்டினேன். பொம்பளைங்க பக்கம் 'ச்சு'ன்னு ஒரு சத்தம். என்ன தாழ்மை பாருன்னு ரெண்டு மூணு பேரு கண்ணத் தொடச்சாங்க.

நான் கணக்குப் போடாமச் சொல்லல. வேதமுத்து எப்பவும் கைக்கு எட்டுதத எடுக்குற ஆளு. பந்தியில உக்காந்தா எட்டி ஒரு வடை எடுத்ததில்ல. அவன் நின்ன பக்கம் ரெண்டாவது புத்தகம் இருக்கு. அதத்தான் எடுப்பான், மூணாவது எனக்குன்னு நின்னேன்.

அவன் மேசையப் பாத்தான். அப்புறம் என் மொகத்த ஒரு தடவ பாத்தான். பாத்துட்டு, ரெண்டாவதத் தாண்டிக் கைய நீட்டி மூணாவத எடுத்துட்டான்.

அவ்வளவுதான். மூப்பரு நூல அறுத்தாரு, சீட்டு விழுந்துச்சு, அவன் பொண்டாட்டி லேயாள் 'ஓ'ன்னு அழுதா. தொற்காளும் அழுதா. அவதானே நெசமா அழ வேண்டியவ. அதுக்கப்புறம் நடந்ததுதான் பெரிய கூத்து. சனமெல்லாம் வரிசையா வந்து என் கையப் பிடிச்சுக் குலுக்குது. 'தப்பிச்சே வாத்தியாரே, ஒரு நூல்ல தப்பிச்சே, கர்த்தர் உம் பக்கம் இருக்காரு'ங்குது. நான் பல்லக் கடிச்சுக்கிட்டு ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்னு சொல்லிக்கிட்டு நின்னேன். வேற என்ன சொல்ல முடியும்? எனக்கு அது வேணும்னு சொல்ல முடியுமா?

தண்ணி குடிங்க. பானைத் தண்ணிதான்.

அவரு பிரசங்கத்த நீங்க கேட்டிருக்கீங்களா? கேக்கலையா? குடுத்து வச்சவங்க. முதல் ஞாயிறு ஏழு நிமிசம் பேசினாரு. அதுல நாலு நிமிசம் தொண்டையச் செருமினாரு. அப்புறம் எல்லாத்துக்கும் ஒரு 'அதாவது'. அதாவது தேவன், அதாவது நம்ம, அதாவது இந்த உலகத்துல. பின் வரிசையில பிள்ளைங்க புளியங்கொட்டைய வச்சுக்கிட்டு எண்ணும். ஒரு ஈஸ்டருக்கு நூத்திப்பதினாலு 'அதாவது'. நான் தமிழ் வாத்தியாரு, அங்க உக்காந்து அதக் கேட்டுக்கிட்டு இருக்கணும். ஒவ்வொரு ஞாயிறும் மணி அடிக்கிறதுக்கு முந்தி ஜெபவீட்டுக்குப் பின்னால பூவரச மரத்துப்பக்கம் போயி வாந்தி எடுப்பாரு. அம்பத்திமூணு வருசமும் எடுத்தாரு. பயமாம். நான் பித்தம்னுதான் சொல்லுவேன். பேசத் தெரிஞ்சவனுக்கு வாந்தி எதுக்கு வரப் போகுது?

நான் சும்மா இருக்கல. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பிரசங்கம் எழுதினேன். எழுதி, சாப்பாட்டுக்கு அப்புறம் தொற்காள எதுத்தாப்ல உக்கார வச்சு நின்னுக்கிட்டே பேசுவேன். அவ கடலை உரிச்சுக்கிட்டே கேப்பா. முடிச்சதும் எப்படி இருக்குன்னு கேட்டா, 'நல்லா இருக்கு. ஆனா அன்பப் பத்திப் பேசுறப்போ வேதமுத்து அண்ணன் எதுக்கு நாலு தடவ வாராரு?'ம்பா. பொம்பளைக்குப் பிரசங்க நுணுக்கம் என்ன தெரியும்? அவ போயி ஒன்பது வருசம் ஆச்சு. இப்பச் சுவருக்குத்தான் பேசுதேன். அது எதுத்துக் கேக்காது.

அவருக்கு அதிகாரம் ஒண்ணு உண்டு. சபையில வேற சகோதரங்களையும் அப்பப்ப மேடைக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம். கூப்பிட்டாரு. தையக்காரனக் கூப்பிட்டாரு, பால்காரனக் கூப்பிட்டாரு, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனக் கூப்பிட்டாரு. என்னை ஒரு தடவகூடக் கூப்பிட்டதில்ல. அம்பத்திமூணு வருசத்துல ஒரு தடவ கூப்பிட்டா என்ன? எம் மேல உள்ள பயம். நான் ஏறிட்டா அவரு குட்டு வெளிப்பட்டுரும்லா.

நல்ல மனுசன், நல்ல மனுசன்னு ஊரு சொல்லும். மேக்க இருக்குத பக்கத்துக் காட்டுக்காரன் வருசத்துக்கு ஒரு முழம் வரப்ப வெட்டி நகத்துவான். இவரு கேஸ் போட மாட்டாரு. சண்ட போட மாட்டாரு. வேலிய இவரே பிடுங்கி உள்ள தள்ளி நட்டுக்கிடுவாரு. ஒரு தடவ அவன் வேலி நடுததுக்கு இவரு கூட நின்னு கம்பு பிடிச்சாரு, நானே பாத்தேன். சபைச் சட்டம் அடிக்காதன்னுதான் சொல்லுது, கம்பு பிடின்னு எங்க சொல்லுது?

அப்புறம் நாத்தான் கதை. அத எழுதணும்னா எழுதிக்கிடுங்க. நாத்தான் அவரு ஒரே மகன். எண்பத்தஞ்சுல போலீஸ் வேலைக்குப் போயிட்டான். துப்பாக்கி! மீச! ரெண்டும் வச்சுக்கிட்டு ஊருக்குள்ள வாரான். சபை என்ன செய்யணும்? ஆயுதம் எடுத்தவன விலக்கி வைக்கணும். சபையாரு எல்லாம் 'பிரசங்கியாரு மகனாச்சே'ன்னு தலையச் சொறிஞ்சுக்கிட்டு உக்காந்துருக்காங்க. நான்தான் எழுந்து நின்னு சொன்னேன். பிரசங்கியாரு மகனுக்கு ஒரு சட்டம், பால்காரன் மகனுக்கு ஒரு சட்டமான்னு கேட்டேன். கேட்டது சரிதானே?

விலக்கல் ஓலைய யாரு வாசிக்கணும்? பிரசங்கியாருதான் வாசிக்கணும். வேற ஆளு வாசிக்கக் கூடாது. அவரு வாசிச்சாரு. வாசிச்சாருன்னா என்ன, பாதி வரியில நின்னுக்கிட்டாரு. மறுபடி முதல்லருந்து ஆரம்பிச்சாரு. மறுபடி நின்னாரு. மூணாவது தடவ மகன் பேரு வந்த எடத்துல குரலே வரல, உதடு மட்டும் அசையுது. நான் அந்த எடத்துல நின்னுருந்தா எப்படி வாசிச்சிருப்பேன் தெரியுமா? ஒரு எழுத்து பெசகாது.

விலக்கினவனோட ஒரே பந்தியில சாப்பிடக் கூடாது. அது சட்டம். நாத்தான் லீவுல வருவான். இவரு என்ன பண்ணினாரு? வாசப்படிக்கு உள்ள இவரு இலையப் போட்டுக்கிடுவாரு. படிக்கு வெளிய மகனுக்கு இலை. நடுவுல ஒரு கட்டைதான். உள்ளருந்து இவரு கொழம்பு ஊத்த, வெளியருந்து அவன் சாப்பிட, ரெண்டு பேரும் பேசிக்கிட்டே சாப்பிடுவாங்க. தனித்தனிப் பந்தியாம்! மழைக்காலத்துல அவனுக்குக் குடையப் பிடிச்சுக்கிட்டு இவரு சாப்பிடாம உக்காந்துருப்பாரு. சட்டத்துல ஓட்டை போடுததுக்கு இதவிட வேற என்ன வேணும்? நான் மூப்பர்ட்ட எழுதிக் குடுத்தேன். மூப்பர் படிச்சுட்டு மடிச்சு வச்சுட்டாரு. இருபத்தாறு வருசம் இந்தக் கூத்து நடந்துச்சு. அவன் வயசுக்கு முந்தியே ரிட்டயர் வாங்கி, மீசைய எடுத்துட்டு வந்து சபையில மன்னிப்புக் கேட்டான், சேத்துக்கிட்டாங்க. இன்னைக்குத் தென்காசிக்குக் காரு ஓட்டிட்டுப் போனது அவன்தான்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வாரேன். போன ஐப்பசியில ராப்போசனம். அதுக்கு முந்தி கால் கழுவணும். ஆம்பளைங்க பெஞ்சுல வரிசையா உக்காருவோம். அடுத்தடுத்து உக்காந்த ரெண்டு பேரு ஒரு சோடி. மேல உள்ளவன் கால கீழ உள்ளவன் கழுவித் துவட்டி, ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்து, உமக்கும் எனக்கும் சமாதானம்னு சொல்லணும். மனசுல ஒருத்தன் மேல கசப்ப வச்சுக்கிட்டு அவன் கால்ல தண்ணி ஊத்தக் கூடாது. அதனால நான் என்ன செய்வேன்னா, வந்த ஆள எண்ணிப் பாத்துத்தான் உக்காருவேன். அவருக்குச் சோடியா நான் வரவே கூடாது. எத்தன வருசமா எண்ணுதேன்! ஒரு தடவகூடப் பெசகினதில்ல.

அன்னைக்கு ஒரு பய போன் அடிக்குதுன்னு எழுந்து வெளிய போயிட்டான். ஒரு ஆளு கொறஞ்சதும் கணக்கெல்லாம் மாறிப்போச்சு. நிமிந்து பாக்கேன், எனக்கு அடுத்தாப்ல அவரு. முழங்கால் மடங்காது அவருக்கு. பெஞ்சுக் கையப் பிடிச்சு, சுவரப் பிடிச்சு, என் முழங்காலையும் பிடிச்சு ஒரு வழியாக் கீழ உக்காந்தாரு. என் கால எடுத்துத் தொட்டியில வச்சாரு. சுத்தி எல்லாரும் பாட்டுப் பாடுதாங்க. அவரு எனக்கு மட்டும் கேக்குத மாதிரி பேசுதாரு.

'சிகாமணி, நமக்கு இனிமே எத்தன ஐப்பசி இருக்கோ தெரியாது. ஒரு பாவத்த அறிக்கை பண்ணணும். அதாவது, அன்னைக்குச் சீட்டு எந்தப் புத்தகத்துல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்'னாரு.

சரி, இத்தன வருசம் கழிச்சுக் களவாணி ஒத்துக்கிடுதான்னு நெனச்சேன்.

'நானாக் கண்டுபிடிக்கல. அதாவது, நீதான் காட்டிக் குடுத்தே. அந்த மூணாவது புத்தகத்தையே பாத்துக்கிட்டு நின்னே. நெத்தியெல்லாம் வேர்வை. தொற்காளுக்கு அப்ப ஏழாம் மாசம். நீ முந்தி எடுன்னு என்னைக் கும்பிடுத மாதிரி ரெண்டு கையையும் நீட்டுதே. அதாவது, இவன் பயந்து சாகுதான், இவன் வீட்டுல இது விழக் கூடாதுன்னு தோணிச்சு. எடுத்துட்டேன். கர்த்தர் உனக்குன்னு வச்சத நான் எடுத்தது பாவம்தான். ஆனா உன்னத் தப்ப வச்சோமேன்னு நெனச்சுத்தான் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் படியில ஏறினேன். வேற எந்தத் தைரியமும் எனக்குக் கிடையாது'ன்னாரு.

நீங்களே சொல்லுங்கம்மா. உடம்பெல்லாம் எரியுமா எரியாதா? என்னைத் தப்ப வச்சாராம்! நான் கேட்டேனா? காலப் பிடிச்சுக்கிட்டு இருக்குத மனுசன ஒதைக்க முடியாது, அது ஒண்ணுதான் தடுத்துச்சு. குனிஞ்சு அவரு காதுல சொன்னேன். 'வே, நான் பயப்படல. எனக்கு அது வேணும். சின்னப் பிள்ளையிலருந்து வேணும். நீரு பாத்த வேர்வை, அந்தப் புத்தகம் கைய விட்டுப் போயிருமோங்கிற வேர்வை. உம்ம யாரு எடுக்கச் சொன்னா?'ன்னு கேட்டுட்டேன்.

அவரு நிமிந்து பாத்தாரு. கழுவின கால மறுபடியும் எடுத்துக் கழுவினாரு. அப்புறம் 'நாத்தான்'னாரு. அன்னைக்கு ஓலையில வாசிக்கக் குரல் வராமப் போன அந்தப் பேர மட்டும் சொன்னாரு. அந்த நேரத்துல அவன் பேரு எதுக்கு? வயசாச்சுல்லா, புத்தி ஒரு எடத்துல நிக்கிறதில்ல. 'நான் உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், சிகாமணி'ன்னாரு. 'உன்ன மேடைக்குக் கூப்பிட்டாக்கூடப் பயந்துருவேன்னு நெனச்சு ஒரு தடவையும் கூப்பிடாம விட்டுட்டேனே'ன்னாரு.

துவட்டினாரு. வெரலுக்கு வெரலு துவட்டினாரு. நான்தான் கையக் குடுத்துத் தூக்கி விட்டேன். கட்டிப் பிடிச்சு சமாதானம்னு சொல்லிட்டு, அப்படியே காதுல, 'வார ஞாயித்துக்கிழமை நீ ஏறு'ன்னாரு.

ஏறினேன். ஏறாம? எழுதி வச்சதுல நல்லதாப் பொறுக்கி எடுத்தேன். தாழ்மையப் பத்தின பிரசங்கம். ஒரு மணி நேரம் பத்து நிமிசம் வரும். எழுபத்தாறுல எழுதினது, ஆறு தடவ திருத்தினது. வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. வாந்தியும் வரல, மயக்கமும் வரல. நாப்பத்தோரு பேரு உக்காந்துருக்காங்க. இதுக்குத்தானே இத்தன வருசம் காத்துக்கிட்டு இருந்தேன்? ஆரம்பிச்சேன். சும்மா கணீர்னு ஆரம்பிச்சேன். சனம் நிமிந்து உக்காந்துச்சு. பிள்ளைங்க புளியங்கொட்டையப் பையில போட்டுருச்சு. முதல் தலைப்பு முடியல, பாக்கேன், ரெண்டாவது பெஞ்சுல அவரு தூங்குதாரு.

தூக்கம்னா சாதாரணத் தூக்கம் இல்ல. தலை நாத்தான் தோள்ல கிடக்கு. வாயத் தொறந்துக்கிட்டு, ஒரு கை பெஞ்சுலருந்து கீழ தொங்குது. தாழ்மைக்கு மூணு படி உண்டுன்னு நான் சொல்லுதேன், அவரு கொறட்டை விடுதாரு. எனக்குப் பொறுக்கல. அவருதானே முக்கியமாக் கேக்கணும்? அந்தப் பிரசங்கத்துல பாதி அவருக்குன்னு எழுதினது. பேச்ச நிறுத்திட்டு, அவர எழுப்புன்னு நாத்தானுக்குச் சாடை காட்டலாம்னு கைய எடுத்தேன்.

பொம்பளைங்க பக்கத்துலருந்து லேயாள் என்னையே பாத்துக்கிட்டு இருக்கா. அவளுக்கும் எண்பது தாண்டிருச்சு. என் கை எழும்புதத அவ பாத்துட்டா. மெல்லத் தலைய ஆட்டினா. வேண்டாம்னு. அப்புறம் ஒரு வெரல எடுத்து வாய்மேல வச்சா. சனிக்கிழமை ராத்திரி அவரு கண்ண மூடமாட்டாருன்னு ஊருக்கே தெரியும். விடியுத வரைக்கும் வரப்புல நடந்துக்கிட்டு இருப்பாரு. ஞாயித்துக்கிழமை காலையில அவரு தூங்கி அவளே பாத்துருக்க மாட்டா.

நான் எடுத்த கைய வேதத்து மேல வச்சுக்கிட்டேன். மிச்சத்தப் பேசினேன். ஒரு வரியும் விடல, மூணு படியையும் பேசினேன், முடிவுரையையும் பேசினேன். முடிஞ்சு வெளிய வந்தா, பால்காரன் சொல்லுதான், 'வாத்தியாரே, ஆரம்பம் பிரமாதம், அதுக்கு மேல எங்களுக்கு ஒரு எழுத்துக் கேக்கல'ங்கான். பின் பெஞ்சுல ஒருத்தருக்குமே கேக்கலையாம். முன் பெஞ்சுலயே பாதிப் பேரு, உதடு அசைஞ்சதத்தான் பாத்தோம்ங்காங்க. வாத்தியாருக்கு வயசாயிருச்சு, தொண்டை போயிருச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு.

எந் தொண்டைக்கு என்ன கேடு? இப்பக் கேக்கீங்கள்லா, இந்தத் தொண்டைக்கு என்ன? சத்தம் போட்டா அந்த மனுசன் முழிச்சிக்கிடுவாரும்மா.